யார் கேட்ட சிகிச்சை?

“கனடாவில என்ர தங்கச்சி இருக்கிற மாகாணத்தில, பெட்டையளைப் பெடியளாக்கிற மருந்தைச் சட்டம் போட்டு நிப்பாட்டிப்போட்டாங்களாம். இஞ்சையும் அப்பிடி ஒண்டு வருமோ?”

பரந்தன் சந்திப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டது. ஒரு பிளேன்டீ முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

அவருடைய தங்கை சொன்னது பொய்யில்லை. ஆல்பேர்ட்டா மாகாணம் 2024 டிசம்பரில் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. தான் பிறந்த பால் தனக்குரியது அல்ல என்று சொல்லும் பிள்ளைக்கு, 16 வயதுக்கு முன் பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியோ ஓமோனோ கொடுக்கக் கூடாது. 18 வயதுக்கு முன் சத்திரசிகிச்சை கூடாது. 2025 ஜூனில் நீதிபதி ஒருவர் அதற்கு இடைக்காலத் தடை போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாகாண அரசு, கனடிய அரசியலமைப்பில் இருக்கும் விசேட பிரிவு ஒன்றைப் பயன்படுத்தி, உரிமைச் சாசனத்தைக் காட்டி நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட முடியாதபடி செய்தது. சட்டமும் வழக்கும் அங்கே இப்படி மாறி மாறி ஓடுகின்றன.

ஆனால் “பெட்டையளைப் பெடியளாக்கிற மருந்து” என்று ஒன்று கிடையாது. சிகிச்சை படிப்படியானது. பருவம் தொடங்காத பிள்ளைக்கு மருந்தே இல்லை. ஐந்து வயது மகன் அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்பதற்காக எந்த ஒழுங்கான மருத்துவ வழிகாட்டலும் ஊசி போடச் சொல்வதில்லை. பிள்ளையோடு கதைப்பது, பார்த்திருப்பது, தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்துவது, அவ்வளவுதான். பருவம் தொடங்கிய பிறகே ஊசியைப் பற்றிய பேச்சு வரும். அந்த ஊசியும் இதற்கென்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. எட்டு வயதுக்கு முன்னரே பூப்படையத் தொடங்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒன்பது வயதுக்கு முன்னரே பருவம் தொடங்கும் ஆண் பிள்ளைகளுக்கும் 1980களிலிருந்து கொடுத்துவரும் மருந்து அது. 1990களின் இறுதியில் நெதர்லாந்து மருத்துவர்கள் அதையே வேறு தேவைக்கு எடுத்தார்கள். அவர்கள் வகுத்த ஒழுங்கு 12, 16, 18 என்று பெயர் பெற்றது: 12 வயதளவில் ஊசி, 16இல் ஓமோன், 18இல் விரும்பினால் சத்திரசிகிச்சை.

இரணைமடுக் குளத்தின் வான்கதவை இறக்கி வைப்பதைப் போன்றது அந்த ஊசி. தண்ணீர் வற்றிவிடுவதில்லை, மறிபட்டு நிற்கிறது. கதவைத் தூக்கினால் திரும்ப ஓடும். நெடுநாள் மறித்து வைத்தால் அணைக்கட்டுக்கு என்ன ஆகும் என்பதில்தான் இன்று உலகத்து மருத்துவர்களுக்குள் சண்டை. எலும்பு உறுதிப்படும் வயதில் ஓமோனை நிறுத்தி வைப்பது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது. ஊசியிலிருந்து நேராக ஓமோனுக்குப் போகிறவர்களுக்குப் பிற்காலத்தில் பிள்ளை பெறும் வாய்ப்புக் குறையலாம். இவை சும்மா கிளப்பிவிடும் பயங்கள் அல்ல.

அந்த ஊசியை ஒரு பிள்ளை ஏன் கேட்கிறது என்பது நகரத்தாரைவிட எங்களுக்கு இலேசாக விளங்க வேண்டும். எங்கள் ஊர்களில் பருவமடைதல் உடம்புக்குள் ஒளிந்து நடக்கும் காரியமல்ல. தண்ணி வார்ப்பு, சாமத்திய வீடு, மண்டபம், ஆலாத்தி, வீடியோக்காரர், வாசலில் ஆளுயரப் படம், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மாமாமார். தன்னைப் பெடியன் என்றே நினைத்து வளர்ந்த ஒரு பிள்ளையைச் சேலை கட்டி மணவறையில் இருத்தி, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியும் விடுகிறோம். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் வெட்கம் என்று நாங்களே பொருள் சொல்லிக்கொள்கிறோம்.

மருத்துவர்களின் சண்டைக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் ஹிலரி காஸ் என்ற குழந்தை மருத்துவ நிபுணர் அரச சுகாதார சேவைக்காக ஆராய்ந்து 2024 ஏப்ரலில் கடைசி அறிக்கையைக் கொடுத்தார். இந்த வயதினருக்கான சிகிச்சைக்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது, ஊசியை ஆராய்ச்சிக்கு உட்பட்டே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்லாந்து 2020இலும் சுவீடன் 2022இலும் இதே திசையில் தங்கள் வழிகாட்டல்களை இறுக்கின. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமும் அகஞ்சுரப்பி மருத்துவர் சங்கமும் மறுபக்கம் நின்றன: கவனமாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு இது உதவுகிறது, காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான், காத்திருக்கும்போது குரல் உடைகிறது, மார்பு வளர்கிறது, அவற்றைப் பின்னால் மருந்தால் அழிக்க முடியாது என்றன. இரண்டு பக்கமும் படித்த மனிதர்கள்தான். ஒரு பக்கம் முழுக்கக் கொடியவர்கள், மறுபக்கம் முழுக்க மூடர்கள் என்று சொல்லும் வீடியோவை யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

சுவீடன் செய்ததும் ஆல்பேர்ட்டா செய்ததும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். சுவீடனில் கையை இறுக்கியது மருத்துவ வழிகாட்டல். விசேடமாகத் தேவைப்படும் பிள்ளைக்கு வழி திறந்தே இருக்கிறது; நாளைக்குப் புதிய ஆய்வு வந்தால் அதே நிபுணர்கள் கூடித் திருத்தலாம். ஆல்பேர்ட்டாவில் கதவைச் சாத்தியது சட்டசபை. அதைத் திருத்த ஆய்வு போதாது, தேர்தல் வேண்டும். என் சாய்வு வழிகாட்டலின் பக்கம். ஆனாலும் அடித்துச் சொல்ல மாட்டேன்: இங்கிலாந்தில் மருத்துவ ஆய்வு முடிந்த பிறகு அரசாங்கமே 2024 டிசம்பரில் ஊசியைக் காலவரையின்றித் தடைசெய்தது. 2027இல் மீளாய்வு என்று அதற்கு ஒரு தவணையும் வைத்தது. எல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடங்குவதில்லை.

அமெரிக்காவில் முதலில் தடை போட்ட மாநிலம் ஆர்கன்சோ, 2021 ஏப்ரலில். அந்த மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் தடையை விரும்பும் கட்சியைச் சேர்ந்தவர்தான். இருந்தும் அரசு வைத்தியருக்கும் பெற்றோருக்கும் நடுவில் புகக் கூடாது என்று கையெழுத்துப் போட மறுத்தார். சட்டசபை அவரைத் தாண்டிச் சட்டமாக்கியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே பாதையில் போயின. டெனசி மாநிலச் சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூன் 18இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பிள்ளை கேட்டாலும், தாய் தகப்பன் சம்மதித்தாலும், வைத்தியர் சரியென்றாலும் அந்த மாநிலத்தில் கொடுக்கக் கூடாது.

அந்தச் சட்டங்களில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு பந்தி இருக்கிறது: விலக்குகள். அகாலத்தில் பருவம் தொடங்கும் பிள்ளைக்கு அதே ஊசியைக் கொடுக்கலாம். பிறக்கும்போதே உறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவில்லாத குழந்தைக்குச் சத்திரசிகிச்சையும் செய்யலாம். அதாவது, பதினைந்து வயதில் வாய் திறந்து கேட்கிற பிள்ளைக்குத் தடை. பதினைந்து மாதத்தில், தான் யாரென்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குத் தடையில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கவே சட்டம் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இந்தப் பந்தியைப் பற்றித்தான்.

இதை நேர் எதிராகத் திருப்பிப் போட்ட ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கதை தொடங்கியது மருத்துவமனையில் அல்ல, ஒரு கலியாணத்தில். 2018 அக்டோபர் 31இல் தூத்துக்குடியில் அருண்குமாருக்கும் ஸ்ரீஜா என்ற திருநங்கைக்கும் கோவிலில் திருமணம் நடந்தது. பதிவாளர் பதிய மறுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம், பதிந்து கொடுங்கள். வழக்கு அங்கே முடிந்திருக்கலாம். நீதிபதி நிற்கவில்லை. இடைபாலினக் குழந்தைகள், அதாவது உடல் அமைப்பில் ஆண் பெண் இரண்டில் ஒன்றுக்குள் நேராக அடங்காமல் பிறக்கும் குழந்தைகள், வளர்ந்து தாங்களே சொல்லும் முன்னர் கத்தி வைக்கப்படுகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டார். மதுரையைச் சேர்ந்த இடைபாலினச் செயற்பாட்டாளர் கோபி ஷங்கரின் பணியையும் தீர்ப்பில் குறிப்பிட்டு, அப்படிப்பட்ட சிகிச்சையைத் தடைசெய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார்.

அரசும் இழுத்தடிக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 13இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் 355ஆம் இலக்க அரசாணை வந்தது. இடைபாலினக் குழந்தைகளுக்குப் பால் மாற்றும் சத்திரசிகிச்சை கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. ஆபத்தா இல்லையா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தனியே தீர்மானிக்க முடியாது, பல துறையினர் இருக்கும் குழு பார்க்க வேண்டும். இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். உலகத்தில் மோல்ட்டா 2015இலேயே செய்திருந்தது.

2023 ஆகஸ்டில் கேரளாவிலும் இதே கேள்வி வந்தது. உறுப்பு தெளிவில்லாமல் பிறந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பெண்ணாக்கச் சத்திரசிகிச்சை செய்ய அனுமதி கேட்டு நீதிமன்றம் போனவர்கள் பெற்றோர். கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஜி.அருண் அனுமதி மறுத்து, உயிராபத்து இருந்தால் நிபுணர் குழு பார்த்துச் சொல்லட்டும் என்றார். பெற்றோர் கெட்டவர்களல்ல, ஊர் வாய்க்குப் பயந்தவர்கள். அந்தப் பயத்தை எங்களில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிள்ளை கேட்காத சிகிச்சை இன்னொன்றும் உண்டு: “திருத்துகிற” சிகிச்சை. பெடியன் பெட்டைமாதிரி நடக்கிறான் என்று சாத்திரியிடம் கொண்டுபோவது, நூல் கட்டுவது, அதற்கும் மசியாவிட்டால் மனநல வைத்தியரிடம் கொண்டுபோய் “மாத்தித் தாங்கோ” என்பது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் மருத்துவத்தின் பெயரால் நடக்கும் இந்த வேலையைத் தடைசெய்தார். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அது தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. வன்னியில் இதைச் செய்வதற்குக் கத்தியோ ஊசியோ தேவைப்படுவதில்லை என்பதால் யாரும் அதைச் சிகிச்சை என்றே எண்ணுவதில்லை.

சரி, எங்கள் நாடு. அக்காவின் கேள்விக்கு நேரான பதில்: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பால்மாற்றச் சிகிச்சையைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. உரிமையாக்கும் சட்டமும் இல்லை. இருப்பது சுகாதார அமைச்சு 2016இல் விட்ட 01-34/2016 இலக்கச் சுற்றுநிருபம். மனித உரிமைகள் ஆணைக்குழு முயன்று கொண்டுவந்தது. 16 வயதைத் தாண்டிய ஒருவரை உளமருத்துவ நிபுணர் பார்த்து, ஓமோனுக்கும் தேவையான சத்திரசிகிச்சைக்கும் அனுப்பப்பட்டிருக்கிறார், தான் சொல்லும் பாலாகவே சமூகத்தில் வாழத் தொடங்கியிருக்கிறார் என்று ஒப்பமிட்டுப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கொடுப்பார். அதைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் அலுவலக வழியாகப் பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் திருத்தலாம். பிறகு அடையாள அட்டை.

அடையாள அட்டை என்றதும் ஒரு விசயம். 2016இல் சட்டத்தைத் திருத்தி அட்டை எடுக்கும் வயதை 15 ஆக்கினார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அது வேண்டும். எங்கள் அட்டையின் இலக்கமே பாலைச் சொல்லிவிடும். பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. ஆகவே 15 வயதில் அட்டை கைக்கு வரும், அது பிழை என்று சொல்லும் வயது 16இல்தான் வரும். இடையில் அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமோ, காற்சட்டையோ போட்டுக்கொண்டு பரீட்சை மண்டபத்தில் அட்டையை நீட்ட வேண்டும்.

காகிதத்தில் வழி இருக்கிறது. வழியில் கிலோமீற்றர்கள் இருக்கின்றன. ஓமோனுக்கான நிபுணரைத் தேடிக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக 65 கிலோமீற்றரளவு; வவுனியாவிலிருந்து கொழும்புக்கு 250. ஒருநாள் கூலி போகும், பள்ளிக்கூடம் போகும், “எங்க போட்டு வாறாய்” என்ற கேள்வி வரும். உளநலக் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களில் பலர் 2009ஆம் ஆண்டுப் போரை இன்னும் இறக்கி வைக்க முடியாதவர்கள். அந்த வரிசையில் நின்றாலே பைத்தியம் என்று சொல்லும் வாய்களும் குறையவில்லை. பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் பிரதேச செயலகம் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். போரில் சான்றிதழே தொலைந்து, படாதபாடுபட்டுப் பிரதி எடுத்த குடும்பங்களில் “அதையும் மாத்தப் போறியோ” என்று தாய் அழுவாள். தான் சொல்லும் பாலாகச் சமூகத்தில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது கொழும்பில் வாடகை அறை எடுத்து இருப்பவருக்கு எழுதிய நிபந்தனை. ஐம்பது வீட்டுக் கிராமத்தில் அதை எப்படி வாழ்ந்து காட்டுவது? பலர் ஊரைவிட்டுப் போன பிறகே அதைத் தொடங்குகிறார்கள். போகக் காசு வேண்டும், காசுக்கு வேலை வேண்டும், வேலைக்கு அட்டை வேண்டும்.

ஆகவே எங்கள் ஊரில் சிகிச்சையைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது பாராளுமன்றம் அல்ல. பஸ் கட்டணமும் அயலும் போதுமாக இருக்கின்றன.

சட்டம் வருமா என்றால், எந்தப் பக்கச் சட்டமும் இலேசில் வராது என்றே சொல்வேன். 2024இல் பால்நிலை சமத்துவச் சட்டமூலம் வந்தபோது, உயர் நீதிமன்றம் அது முழுவதும் அரசியலமைப்போடு முரண்படுகிறது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று ஜூன் மாதத்தில் சொல்லிவிட்டது. அதோடு அது முடங்கியது. சுற்றுநிருபத்தை எடுத்துக்கொண்டால், அமைச்சின் இன்னொரு சுற்றுநிருபம் அதை மாற்றிவிடலாம். அதன் பலமும் பலவீனமும் அதுதான். ஆதாரத்தைப் பார்த்துத் திருத்த எளிது. அரசியலைப் பார்த்து நீக்கவும் எளிது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இங்கே யாராவது தடை கேட்கத் தொடங்கினால், அவர்கள் தடுக்கப்போவது நடந்துகொண்டிருக்கும் பெருங்கூட்டச் சிகிச்சையை அல்ல, தட்டுத்தடுமாறிக் கிளினிக் வரை வந்து சேரும் ஒரு சிலரை.

என்னிடம் ஒரு சட்டம் கேட்டால் தமிழ்நாட்டின் 355ஐக் கேட்பேன். இலங்கையில் அப்படி ஒரு தடை இல்லை. மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ வவுனியாவிலோ ஒரு குழந்தை உறுப்புத் தெளிவில்லாமல் பிறந்தால், தாய் தகப்பனுக்கு முதல் நெருக்கடி பிறப்புப் பதிவுப் படிவம். மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும், பால் என்ற இடத்தில் எதையாவது எழுத வேண்டும். இரண்டாவது நெருக்கடி, தொட்டிலை எட்டிப் பார்க்க வரும் சொந்தம். இரண்டும் சேர்ந்து “கெதியாச் செய்து முடிச்சிடுங்கோ டொக்டர்” என்று சொல்லவைக்கும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு உடம்பில் உப்புச் சமநிலை குலைந்து முதல் வாரங்களிலேயே உயிர் போகக்கூடிய நோய் இருக்கும். அதற்குத் தேவை உடனடி மருந்து, கத்தி அல்ல. சிலருக்குச் சிறுநீர் போகும் வழி அடைபட்டிருக்கும், அதைத் திறக்கத்தான் வேண்டும். மற்றவை காத்திருக்கும். இப்போதைக்கு ஒரு பெயரை வைத்து, ஒரு பாலை எழுதி வளர்க்கலாம். பின்னால் பிள்ளை வேறு சொன்னால் பதிவைத் திருத்த 2016இன் சுற்றுநிருபம் இருக்கிறது.

மருத்துவிச்சி அக்காமாரும் தாதிமாரும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு, சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கேள்வி. டொக்டர் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, பேனாவை எடுக்கும் முன் கேளுங்கள்: “இதை இப்ப செய்யாட்டி பிள்ளையின்ர உயிருக்கு ஆபத்தோ, டொக்டர்?” ஓமென்றால் போடுங்கள். இல்லையென்றால், பிள்ளை வளர்ந்து சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள்.